ஒரு வாடகைப் படகு, ஒரு கேப்டன், ஒரு நோபல் பரிசு! - ஹெமிங்வேயின் தீவு வாழ்க்கை

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது அந்த வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு மோட்டார் யாட். காலையில் ஒரு தீவு, சாயங்காலம் இன்னொரு தீவு, ராத்திரி மேல்தளத்தில் டின்னர். கரீபியன் கடலில் தீவு தீவாகத் தாவும் ட்ரிப். உடனே அதை ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்டு பண்ணி, லைஃப்ல ஒருதடவையாவது போயிடணும் என்று ஒரு மெசேஜும் தட்டியிருப்பீர்கள்.

இதே ஆசை 90 வருஷத்துக்கு முன்னாடி ஓர் எழுத்தாளருக்கும் வந்தது. பெயர் எர்னஸ்ட் ஹெமிங்வே. சில நாள்களுக்கு மட்டும் என்று ஒரு மோட்டார் படகை வாடகைக்குப் பேசி, கியூபா பக்கம் கிளம்பினார். அந்த ட்ரிப் இரண்டு மாதத்துக்கு நீண்டது. அப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம் அந்தக் கடலை விட்டு அவரால் பிரிய முடியவில்லை. 'கிழவனும் கடலும்' நாவலின் பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள் இல்லையா? அதன் விதை விழுந்ததும் அந்தக் கடலில்தான்.

யாட் புக் பண்ணப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவரா நீங்கள்? இல்லை, இப்போதைக்குக் கனவு மட்டும்தானா? எதுவாக இருந்தாலும் சரி, இந்த மனிதரின் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படகைவிட அதை ஓட்டுகிற ஆள் எவ்வளவு முக்கியம் என்பதை இவரைவிட நல்லா அனுபவித்த கஸ்டமர் கிடையாது.

கடலே இல்லாத ஊரில் பிறந்தவர்

ஹெமிங்வே பிறந்தது 1899 ஜூலை 21. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை ஒட்டிய ஓக் பார்க் என்ற ஊர். அங்கே கடல் கிடையாது. அப்பா டாக்டர். கோடை விடுமுறை வந்தால் குடும்பமே மிச்சிகன் மாநிலத்தில் வாலூன் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடும். தூண்டில் பிடிக்கவும் காட்டில் சுற்றவும் அப்பா சொல்லிக்கொடுத்தது அங்கேதான்.

18 வயதில் முதல் உலகப்போருக்கு ஆம்புலன்ஸ் டிரைவராக இத்தாலிக்குப் போனார். 1918 ஜூலையில் குண்டு வெடித்து இரண்டு கால்களிலும் பலத்த காயம். குணமாகி வந்ததும் பத்திரிகையாளர் வேலை, கல்யாணம், பாரிஸ் வாழ்க்கை. 1926-ல் வந்த நாவல் பெயர் வாங்கித் தந்தது. முதல் கல்யாணம் முறிந்து, இரண்டாவது மனைவி பாலினோடு 1928-ல் கீ வெஸ்ட் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடாவின் வாலில் தொங்கும் குட்டித் தீவு அது. அங்கிருந்து கியூபா தலைநகர் ஹவானா சுமார் 90 கடல் மைல்தான்.

அதே வருஷம் டிசம்பரில் அவர் அப்பா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை போய்விட்டது. அடுத்த வருஷம் வெளியான போர் நாவல் ஹெமிங்வேயைப் பெரிய ஸ்டாராக்கியது. பணம் வந்தது, புகழ் வந்தது. மனதுக்குள் அந்த இருட்டும் கூடவே இருந்தது.

ஜோ ரஸ்ஸலின் 'அனிட்டா'

கீ வெஸ்ட்டில் ஹெமிங்வேக்குக் கிடைத்த ஃப்ரெண்ட் ஜோ ரஸ்ஸல். செம கில்லாடி. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கியூபாவிலிருந்து சரக்கைப் படகில் கடத்தி வருவது ரஸ்ஸலின் தொழில்களில் ஒன்று. நடுவில் மீன்பிடிக்கிற ஆசையோடு வருபவர்களுக்குப் படகை வாடகைக்கும் விடுவார். படகின் பெயர் 'அனிட்டா'. 1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்த கையோடு அவர் திறந்த பார்தான் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற 'ஸ்லாப்பி ஜோஸ்'.

1932 ஏப்ரலில் அந்த 'அனிட்டா'வில்தான் ஹெமிங்வே கியூபாவுக்குப் போனார். ஹவானா கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனாலே கல்ஃப் ஸ்ட்ரீம் வந்துவிடும். கடலுக்குள் ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான, கருநீலத் தண்ணீர். அதில் வருவது மார்லின். நம்ம ஊர் கடலில் பிடிபடும் மயில் மீனுக்கு உறவுக்கார மீன். மூக்கு ஈட்டி மாதிரி நீண்டிருக்கும். பெரிய மார்லின் பல நூறு கிலோ இருக்கும். தூண்டிலில் மாட்டினால் மணிக்கணக்கில் போராடும்.

ரஸ்ஸலுக்கு அந்தக் கடல் அத்துப்படி. மார்லின் பிடிக்கிற நுணுக்கத்தை ஹவானா மீனவர் கார்லோஸ் குத்தியரெஸ் சொல்லிக்கொடுத்தார். எந்த ஆழத்தில் இரையை விடணும், மீன் இழுக்கும்போது எப்போ கயிறு விடணும் என்று நோபல் பரிசு வாங்கப்போகிறவர் மாணவனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கரையேறினால் 'ஆம்போஸ் முண்டோஸ்' ஹோட்டலின் அறையில் எழுத்து. அவர் வழக்கமாகத் தங்கிய 511-ம் எண் அறையை இன்றைக்கும் ஹவானாவில் போய்ப் பார்க்கலாம்.

இன்றைக்கு கரீபியனில் ஒரு மோட்டார் யாட்டை எடுத்தாலும் இந்த விஷயம் மாறவில்லை. பணம் கட்டுவது நீங்கள்தான். ஆனா காற்று சரியில்லை, அந்தத் தீவுக்குப் போக முடியாது என்று கேப்டன் சொன்னால் அதுதான் ஃபைனல். படகின் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவர். நாலு தீவு போட்டோ எடுக்கணும் என்று லிஸ்ட் போட்டுக்கொண்டு போய் அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். இந்த வாரம் எந்தக் கடற்கரை அமைதியாக இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

ஏமாற்றிய கஸ்டமர்

வாடகைப் படகில் போன ஹெமிங்வே, அந்தப் படகுக்காரரின் பக்கத்திலிருந்து யோசித்து ஒரு கதை எழுதினார். 1934-ல் 'காஸ்மோபாலிட்டன்' பத்திரிகையில் வந்த அந்தச் சிறுகதை, 1937-ல் ஒரு நாவலின் முதல் பகுதியானது.

ஹீரோ ஹாரி மோர்கன். கீ வெஸ்ட்காரர், வாடகைக்குப் படகு ஓட்டுபவர். ஒரு பணக்கார கஸ்டமர் நாள் கணக்கில் வாடகை பேசி வருகிறார். வாரக்கணக்கில் ஜாலியாக மீன்பிடிக்கிறார். ஒரு பெரிய மீன் மாட்டும்போது சொன்ன பேச்சைக் கேட்காமல், விலை உயர்ந்த தூண்டிலையும் ரீலையும் கடலில் பறிகொடுக்கிறார். நாளைக்கு பேங்க்கில் பணம் எடுத்து செட்டில் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு, விமானம் ஏறி எஸ்கேப்!

அவருக்கு அது ஒரு ட்ரிப். ஹாரிக்கு அதுதான் குடும்பத்தின் சாப்பாடு. கையில் காசில்லாமல் ஹவானாவில் நிற்கும் ஹாரி, ஆள்கடத்தலுக்கு ஒப்புக்கொள்கிறார். அப்புறம் சரக்குக் கடத்தல். ஒரு கை போகிறது. படகு போகிறது. கடைசியில் உயிரும் போகிறது. எல்லாம் ஆரம்பித்தது ஒருவர் வாடகை தராமல் ஓடியதில்.

அதனால் யாட் வாடகை என்று இணையத்தில் பார்க்கும் ஒரு தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பணியாளர்களோடு வரும் பெரிய மோட்டார் யாட்டுக்கு ஒரு வாரத்துக்கு இவ்வளவு என்று அடிப்படை வாடகை. டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனி. அதற்காக வாடகையில் சுமார் 30 சதவிகிதத்தை முன்பணமாகக் கட்டச் சொல்வார்கள். செலவு போக மீதியைத் திருப்பித் தருவார்கள். இன்ஜின் யாட் டீசலைக் குடிக்கும் என்பதால், ஒரு நாளைக்கு எத்தனை தீவு என்று ஆசைப்படுகிறீர்களோ அந்த அளவுக்குச் செலவும் ஏறும். கடைசி நாளில் பணியாளர்களுக்கு டிப்ஸ் தருவது கரீபியனில் எழுதப்படாத வழக்கம். வாடகையில் 10 முதல் 20 சதவிகிதம் வரை தருகிறார்கள். பட்ஜெட் போடும்போதே அதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி நாளில் பர்ஸைத் தடவிக்கொண்டு நிற்கிற கஸ்டமராக இருக்காதீர்கள்.

கறுப்பு உடம்பு, பச்சைக் கூரை

இரண்டு சீஸன் 'அனிட்டா'வில் போன பிறகு ஹெமிங்வேக்குச் சொந்தப் படகு ஆசை வந்துவிட்டது. 1934-ல் ஆப்பிரிக்காவில் வேட்டைப் பயணம் முடித்துத் திரும்பியதும் நேராக நியூயார்க் புரூக்ளினில் இருந்த வீலர் படகுத் தொழிற்சாலைக்குப் போனார். 38 அடி நீளம், விலை 7,495 டாலர். கையில் அவ்வளவு இல்லை. 'எஸ்குயர்' பத்திரிகையில் கட்டுரை எழுதித் தருகிறேன் என்று அதன் ஆசிரியரிடம் முன்பணம் வாங்கி, படகை புக் பண்ணினார். நம்மில் பலர் இ.எம்.ஐ போட்டு பைக் வாங்குகிற மாதிரிதான்.

கறுப்பு உடம்பு, பச்சைக் கூரை. வேகமாகப் போக 75 குதிரைசக்தி கொண்ட ஒரு இன்ஜின், தூண்டில் போட்டபடி மெதுவாக ஊர்ந்து போக 40 குதிரைசக்தியில் இன்னொன்று. பெரிய மீனைச் சுலபமாக உள்ளே இழுக்கப் பின்பக்கச் சுவரைத் தாழ்த்தி, மர உருளையும் பொருத்தியிருந்தார்கள். பெயர் 'பிலார்'. மனைவி பாலினின் செல்லப் பெயர் அது. இன்றைய சொகுசு யாட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் 'பிலார்' ரொம்பக் குட்டி. ஏ.சி, ஜக்குஸி எதுவும் கிடையாது.

சொந்தப் படகு வந்தும் ஹெமிங்வே ஒரு விஷயத்தை மாற்றவில்லை. முதலில் கார்லோஸ் குத்தியரெஸையே உதவியாளராகக் கூட்டிக்கொண்டார். 1938-லிருந்து கிரிகோரியோ ஃபுவென்தெஸ். கேனரி தீவுகளில் பிறந்து, கியூபாவில் வளர்ந்த கடலோடி. சமையலும் அவர்தான், சுக்கானும் அவர்தான், புயல் வந்தால் நங்கூரமும் அவர்தான்.

தன் காலையே சுட்டுக்கொண்டவர்

1935 ஏப்ரல். பஹாமாஸின் பிமினி தீவுக்கு முதல் பயணம். வழியில் ஒரு சுறா மாட்டியது. அதைச் சுடப் போய், குண்டு படகின் பித்தளை விளிம்பில் பட்டுச் சிதறி, ஹெமிங்வேயின் இரண்டு கால்களிலும் பாய்ந்தது. ட்ரிப் கேன்சல், படகு யூ-டர்ன். ஆனா மனுஷன் அடங்கவில்லை. ஒரு வாரத்தில் மறுபடியும் கிளம்பிப் போய்ச் சேர்ந்தார்.

பிமினியில் பெரிய பிரச்னை, மாட்டிய மீனைப் படகுக்குக் கொண்டுவருவதற்குள் சுறாக்கள் கடித்துக் குதறிவிடும். அங்கே தூண்டிலில் ஒரு சூரை மீனை முழுசாக வெளியே எடுப்பதே அதிசயம். அந்த வருஷம் 381 பவுண்டு எடையுள்ள சூரையைச் சேதமில்லாமல் தூக்கினார் ஹெமிங்வே. சுறாக்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளியதும் இதே மனிதர்தான். இன்றைக்குப் படிக்கும்போது நமக்கு முகம் சுளிக்கும். குடி, கோபம், நண்பர்களோடு சண்டை, மனைவிகளுக்குச் செய்த துரோகம் என்று அவர் லிஸ்ட் நீளம். படகில் எல்லாமே சுகமான நாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு முகமும் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் கழகத்திலிருந்து விஞ்ஞானிகளை 'பிலாரி'ல் ஏற்றி, மார்லின் ஆராய்ச்சிக்கு உதவினார். அதில் ஒருவர் 1935-ல் ஒரு மீன் இனத்துக்கு ஹெமிங்வேயின் பெயரையே வைத்தார்.

அதே 1935, செப்டம்பர் 2. ஃப்ளோரிடாவின் தீவுகளைப் பயங்கரமான புயல் தாக்கியது. ஹெமிங்வே 'பிலாரை'க் கீ வெஸ்ட்டில் கயிறுகளால் கட்டிக் காப்பாற்றிவிட்டார். ஆனா பக்கத்துத் தீவுகளில் 400 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். அதில் பெரும்பகுதி, சாலை போடும் வேலைக்காகக் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டிருந்த முன்னாள் ராணுவ வீரர்கள். அவர்களை மீட்க அனுப்பிய ரயில் தாமதமாக வந்து, அலையில் கவிழ்ந்தது. நிவாரணத்துக்குப் படகில் போனவர்களில் ஹெமிங்வேயும் ஒருவர். மிதந்த உடல்களைப் பார்த்துவிட்டு வந்தவர், புயல் மாதத்தில் அந்த மனிதர்களை அங்கே விட்டது யார் என்று கேட்டு ஆவேசமாக ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தப் புயல் மாதங்கள் இன்றைக்கும் காலண்டரில் இருக்கின்றன. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் சீஸன். 2017 செப்டம்பரில் வந்த 'இர்மா' புயல், படகுச் சுற்றுலாவுக்குப் பெயர்போன பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைப் புரட்டிப்போட்டது. செப்டம்பரில் பாதி விலைக்கு யாட் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஏன் பாதி விலை என்று யோசியுங்கள். கரீபியனில் நல்ல சீஸன் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை.

நீர்மூழ்கியைத் தேடிய மீன்பிடி படகு

1939-ல் ஹெமிங்வே கியூபாவிலேயே குடியேறினார். ஹவானாவுக்கு வெளியே 'ஃபின்கா விஹியா' என்ற தோட்ட வீடு. மூன்றாவது மனைவி மார்த்தா கெல்ஹார்ன், அவரும் பெரிய போர்ப் பத்திரிகையாளர். 'பிலார்' நின்றது பக்கத்து மீனவக் கிராமமான கோஹிமாரில்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கரீபியன் வரைக்கும் வந்து எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. ஹெமிங்வே சும்மா இருப்பாரா? அமெரிக்கத் தூதரகத்தின் ஆதரவோடு 'பிலாரி'ல் துப்பாக்கியும் கையெறி குண்டும் ஏற்றி, மீன்பிடிப்பது மாதிரி பாவனை காட்டி 1942, 1943-ல் ரோந்து போனார். ஒரு நீர்மூழ்கியைக்கூடத் தாக்கவில்லை. ரேஷன் காலத்தில் பெட்ரோல் வாங்கி ஜாலியாக மீன்பிடிக்க இது ஒரு சாக்கு என்பது மார்த்தாவின் கணிப்பு. அந்தக் கல்யாணமும் போரோடு முடிந்தது.

கார்லோஸ் சொன்ன கதை

1936-லேயே 'எஸ்குயர்' கட்டுரை ஒன்றில் ஹெமிங்வே ஒரு சம்பவத்தை எழுதியிருந்தார். கார்லோஸ் சொன்னது. தனியாகக் கடலுக்குப் போன ஒரு கிழவர், பெரிய மார்லினைப் பிடிக்கிறார். மீன் அவரைப் படகோடு நடுக்கடலுக்கு இழுத்துப் போகிறது. மீனைக் கொன்று படகின் பக்கவாட்டில் கட்டியதும் சுறாக்கள் வந்துவிடுகின்றன. மற்ற மீனவர்கள் கண்டுபிடித்தபோது மீனில் பாதிகூட மிச்சமில்லை. கிழவர் அழுதுகொண்டிருந்தார்.

அந்தக் கதையை ஹெமிங்வே 15 வருஷம் மனதில் வைத்திருந்தார். அதற்குள் அவருடைய மார்க்கெட் சரிந்திருந்தது. 1950-ல் வந்த நாவலை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். முடிந்துபோன ஆள் என்று பேச்சு. அப்போதுதான் இந்தக் கிழவர் வெளியே வந்தார். 1952 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகை 'கிழவனும் கடலும்' நாவலை ஒரே இதழில் முழுசாக வெளியிட்டது. இரண்டே நாளில் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. 1953-ல் புலிட்சர், 1954-ல் நோபல்.

1954 ஜனவரியில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் சிக்கியிருந்ததால் உடம்பு நொறுங்கிப்போயிருந்தது. நோபல் விழாவுக்கு அவர் ஸ்டாக்ஹோம் போகவில்லை. பதக்கத்தைக் கியூபா மக்களுக்கே என்று அர்ப்பணித்தார். அது எல் கோப்ரே ஊரில், கியூபாவின் காவல் தெய்வமாக வணங்கப்படும் மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கரையில் நிற்கும் 'பிலார்'

1959-ல் கியூபாவில் புரட்சி. 1960 மே மாதம், ஹெமிங்வே பெயரில் நடந்த மீன்பிடிப் போட்டியில் ஃபிடல் காஸ்ட்ரோ ஜெயிக்க, ஹெமிங்வே கோப்பையைக் கொடுத்தார். அந்தக் கோடையில் தீவை விட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. 1961 ஜனவரியில் இரு நாட்டு உறவும் முறிந்தது. வீடு, புத்தகங்கள், 'பிலார்' எல்லாம் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. அவரோ மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். 1961 ஜூலை 2, மலைகள் சூழ்ந்த ஐடஹோ மாநில வீட்டில், அப்பாவைப் போலவே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 62-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அப்படியொரு இருட்டு இருந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

'பிலார்' கிரிகோரியோ கைக்கு வந்து, பிறகு கியூபா அரசின் பொறுப்புக்குப் போனது. இன்றைக்கு அது மியூசியமாகிவிட்ட ஃபின்கா விஹியாவில், ஒருகாலத்தில் டென்னிஸ் கோர்ட்டாக இருந்த இடத்தில், கூரைக்குக் கீழே நிற்கிறது. கிரிகோரியோ 2002-ல் தன் 104-வது வயதில் இறக்கும்வரை கோஹிமாரிலேயே வாழ்ந்தார்.

என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் கோஹிமார் கடற்கரையையும் உங்கள் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கடலுக்குப் பக்கத்தில் ஹெமிங்வேக்கு ஒரு மார்பளவு சிலை இருக்கிறது. அவர் இறந்ததும் சிலை வைக்க நினைத்த அந்த ஊர் மீனவர்களிடம் உலோகம் வாங்கக் காசில்லை. தங்கள் படகுகளின் பழைய புரொப்பல்லர்களையும் பித்தளைப் பாகங்களையும் கழற்றிக் கொடுத்தார்கள். அதை உருக்கித்தான் அந்தச் சிலையை வார்த்தார்கள்.